வெள்ளை மணிக்கு ஒரு முகத்துவாரம்

சோழகக் காற்று எழும் வைகாசியில் உடப்புக் கரையில் கரைவலை இழுப்பு ஓயும். கடல் கலங்கிக் கிடக்கும். வலை இழுப்போர் பாடும் அம்பாப் பாட்டு அடங்கும். உடப்பின் கடற்றொழிலாளரில் ஒரு பகுதியினர் அந்த மாதங்களில் முல்லைத்தீவுப் பக்கம் போய் வாடி அமைத்துத் தொழில் செய்வது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கம். வாடைக் காற்றோடு திரும்பி வருவார்கள். புத்தளம் மாவட்டத்தின் மேற்குக் கரை இப்படித்தான் காற்றைப் பார்த்து ஆண்டை எண்ணும்.

2021இல் அந்தச் சோழகம் இந்தக் கரைக்கு ஒரு புதிய பொருளைக் கொண்டுவந்தது. சவ்வரிசி அளவு, சவ்வரிசி நிறம். கையில் எடுத்தால் கனமே தெரியாது. நகத்தால் அழுத்தினால் நசுங்காது. மீனுக்கு அது முட்டையாகத் தெரியும், பறவைக்கு இரையாகத் தெரியும். வென்னப்புவ, மாரவில, சிலாபம் என்று நீர்கொழும்புக்கு வடக்கே ஏறும் கரையில் கடற்பாசியோடும் சிப்பியோடும் கலந்து கிடந்த அந்த வெள்ளை மணி எங்கே பிறந்தது, எப்படி இங்கே வந்தது, இனி எங்கே போகும் என்பதே இந்தக் கட்டுரை.

பிறந்த இடம்

மணியின் மூதாதை ஒரு வாயு. பூமிக்கடியிலிருந்து எடுக்கும் இயற்கை வாயுவில் எதேன் கலந்திருக்கும். பாரசீக வளைகுடாவின் ஆலைகளில் அந்த எதேனை நீராவியோடு சேர்த்து 800 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கி எதீனாக உடைக்கிறார்கள். எதீன் மூலக்கூறு மிகச் சிறியது. இரண்டு காபன் அணுக்கள், நான்கு ஐதரசன் அணுக்கள், அவ்வளவுதான். இதுபோல ஆயிரக்கணக்கானவற்றைக் கைகோர்க்க வைத்து ஒரே சங்கிலியாக்கினால் பொலித்தீன்.

கைகோர்க்க வைப்பது எளிதாக இருக்கவில்லை. இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் 1933இல் பொலித்தீன் முதன்முதலாகக் கிடைத்தபோது, ஆயிரம் வளிமண்டலத்துக்கு மேற்பட்ட அழுத்தம் தேவைப்பட்டது. மென்மையான பொலித்தீன் வகையை இன்றும் உயர் அழுத்தத்தில்தான் செய்கிறார்கள். உறுதியான வகைக்கு வழி திறந்தது ஊக்கி.

ஊக்கி என்றால் என்ன என்பதைச் சிலாபத்துத் தோணிக்காரர் ஒருவரிடம் சொல்வதாக இருந்தால் நான் இப்படிச் சொல்வேன். களப்புக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டு கிடக்கிறது. தோணியைத் திட்டின் மேல் ஏற்றி மறுபக்கம் இறக்கவும் முடியும். ஆனால் அதற்கு எத்தனை தோள்கள் வேண்டும்! அதனால்தான் தோணி முகத்துவாரத்தைத் தேடிப் போகிறது. புறப்பட்ட இடமும் அதேதான், சேரும் இடமும் அதேதான், ஏறவேண்டிய மேடு மட்டும் இல்லாமற்போகிறது. இரசாயனத்தில் அந்த முகத்துவாரம்தான் ஊக்கி. எத்தனை தோணி போனாலும் முகத்துவாரம் செலவாகிவிடாது. ஊக்கியும் அப்படித்தான். ஒரு மூலக்கூறுக்கு வழிவிட்டு, அடுத்ததற்குக் காத்திருக்கும்.

1951இல் அமெரிக்காவின் ஒக்லகோமா மாநிலத்தில், பிலிப்ஸ் பெற்றோலிய நிறுவனத்தின் இரசாயனவியலாளர்களான பால் ஹோகனும் ரொபர்ட் பாங்ஸும் பெற்றோலுக்கு உதவும் திரவங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். ஊக்கியில் குரோமியத்தைச் சேர்த்ததும் எதிர்பாராத வெள்ளைத் திண்மம் ஒன்று கருவியை அடைத்தது. அந்த வழியில்தான் குரோமிய ஊக்கிப் பொலித்தீன் பிறந்தது. இரண்டு ஆண்டுகளில் ஜேர்மனியின் மூல்ஹைம் நகரில் கார்ல் சீக்லர், டைட்டேனியம் குளோரைட்டையும் அலுமினியச் சேர்மம் ஒன்றையும் சேர்த்து, பெரிய அழுத்தம் ஏதுமின்றியே எதீனைச் சங்கிலியாக்கிக் காட்டினார். இத்தாலியின் ஜூலியோ நாட்டா அந்த வழியைப் புரொப்பிலீனுக்கு விரித்தார். 1963இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

நம் மணி இந்த ஊக்கி வழியில் பிறந்த உறுதியான வகை என்று வைத்துக்கொள்வோம். ஆலையில் உருக்கி, துளைகள் வழியே பிதுக்கி, வெட்டி, நீரில் குளிரவைத்து மணியாக்கினார்கள். இந்த ஊக்கிகள் அவ்வளவு வலிமையானவை. மிகச் சிறிதளவே போதும் என்பதால் அவற்றைப் பிரித்தெடுக்க யாரும் மெனக்கெடுவதில்லை. ஆகவே மணிக்குள் குரோமியமோ டைட்டேனியமோ நுண்ணளவில் தங்கிவிடும். கட்டிய கையின் சுவடு கட்டுக்குள்ளேயே இருக்கிறது.

கப்பல் ஏறியது

மணிகளை மூடைகளில் கட்டி, மூடைகளைக் கொள்கலனில் அடுக்கி, உலகின் பிளாஸ்டிக் தொழிற்சாலைகளுக்கு அனுப்புகிறார்கள். வாளியும் தண்ணீர்க் குழாயும் சந்தைப் பையும் இந்த மணிகளிலிருந்துதான் வருகின்றன. அரிசி எப்படிச் சோற்றுக்கோ அப்படி மணி பிளாஸ்டிக்குக்கு.

எக்ஸ்பிரஸ் பேர்ல், சிங்கப்பூர்க் கொடி பறந்த புதுக் கப்பல். கடலில் இறங்கி மூன்று மாதங்கள்தான் ஆகியிருந்தன. டுபாயின் ஜெபல் அலி, கத்தாரின் ஹமாட், குஜராத்தின் ஹசிரா ஆகிய துறைமுகங்களைக் கடந்து கொழும்புக்கு வந்தது. அதில் 1,486 கொள்கலன்கள். அவற்றுள் 25 தொன் நைத்திரிக் அமிலமும் இருந்தது. அமிலக் கொள்கலன் ஒன்று கசிவது வழியிலேயே தெரிந்திருந்தது. அதை இறக்கிவைக்க ஹமாட்டிலும் முடியவில்லை, ஹசிராவிலும் முடியவில்லை.

2021 மே 20ஆம் திகதி, கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்த கப்பலில் தீ பற்றியது. 25ஆம் திகதி வெடித்தது. ஜூன் 2ஆம் திகதி ஆழ்கடலுக்கு இழுத்துச்செல்ல முயன்றபோது பின்பகுதி தரைதட்டி அமிழ்ந்தது. கொள்கலன்கள் சரிந்து உடைந்தன, மூடைகள் பிரிந்தன. கப்பலில் இருந்த பிளாஸ்டிக் மணிகள் ஏறத்தாழ 1,680 தொன். ஒரு மணி 25 மில்லிகிராம் என்று வைத்துக் கணக்கிட்டால் 6,000 கோடிக்கு மேல் வருகிறது. கடலில் பதிவான பிளாஸ்டிக் மணிச் சிதறல்களில் இதுவே மிகப் பெரியது.

பொலித்தீன் நீரைவிட இலேசானது, மூழ்காது. அலை தூக்கிய இடத்துக்கு மணி போனது. மேற்குக் கரையில் சோழக அலை மணலை வடக்கு நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். கற்பிட்டிக் குடாநாடு என்ற நீண்ட மணல் விரலைக் காலம் காலமாகக் கட்டியெழுப்பியதே அந்த ஓட்டம்தான். கரையைக் கட்டிய அதே ஓட்டம் இப்போது மணியைச் சுமந்தது.

கரையில்

முதலில் மிக மோசமாக அடிபட்டது நீர்கொழும்புக்குத் தெற்கே பமுணுகம, சரக்குவ கரை. அங்கே மணி முழங்கால் ஆழத்துக்குக் குவிந்து கிடந்த படங்களை உலகம் பார்த்தது. கடற்படையினரும் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகார சபையினரும் தன்னார்வலர்களும் மண்வாரியால் அள்ளினார்கள், வலையாலும் சல்லடையாலும் சலித்தார்கள். வடக்கே போகப் போகக் குவியல் சிதறலானது. சிதறலை அள்ளுவது குவியலை அள்ளுவதைவிடக் கடினம். கரைத் தொழில் தடைப்பட்டது. பிடித்த மீனையும் வாங்க ஆட்கள் தயங்கினார்கள். உயிரிழந்து ஒதுங்கியவையாக 417 ஆமைகளும் 48 டொல்பின்களும் 8 திமிங்கிலங்களும் கணக்கிடப்பட்டன.

கடல்வாழ் உயிரியலாளர் ஆஷா டி வோஸும் அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் ஆய்வாளர்களும் சேர்ந்து கரையில் பொறுக்கிய மணிகளை ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது ஒரு வகை அல்ல. வெள்ளையாகவே வந்த மணி, நிறம் மாறிய மணி, தீயில் உருகிக் கரியும் சாம்பலும் கலந்து கட்டியாகிய துண்டு என்று ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தொடர்ச்சியாக மாறிப் போயிருந்தது. எரிந்த துண்டுகளின் இரசாயனக் கலவை வெள்ளை மணியைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு சிக்கலாக இருந்தது. இந்த வேறுபாட்டைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். மணியின் எதிர்காலம் இதில்தான் தங்கியிருக்கிறது.

இந்தக் கரையின் மற்ற சொத்துகளை நினைத்தால் மனம் பதறுகிறது. புத்தளம் களப்பில் கடற்புல் படுகைகள் இருக்கின்றன, ஆவுளியா மேய்ந்த படுகைகள். கற்பிட்டிக்கு வெளியே 1992இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட பார் பவளத்திட்டு. பாலாவியிலும் புத்தளத்திலும் கடல்நீரைப் பாத்தியில் கட்டி வெயிலில் காயவைக்கும் உப்பளங்கள். கடலில் மிதப்பது உப்புப் பாத்திக்கும் வரலாம். உப்பு எல்லா வீட்டுக்கும் போகிறது.

கரையில் கிடக்கும் மணியை வெயில் சும்மா விடாது. புறஊதாக் கதிர் சங்கிலியை ஆங்காங்கே வெட்டும். மணி மஞ்சளாகும், வெடிக்கும், தூளாகும். தூளானதும் பார்வைக்குத்தான் மறைகிறது. கண்ணுக்குத் தெரிந்த மணியை விரல் பொறுக்கும். கண்ணுக்குத் தெரியாத தூளை எந்தச் சல்லடை பிடிக்கும்?

திரும்பும் வழி

முகத்துவாரம் வெளியே போவதற்கு மட்டுமானதல்ல. அதே வாய் வழியாகத் தோணி களப்புக்கும் திரும்பலாம். ஊக்கிக்கும் இந்த விதி பொருந்தும். ஒரு வினையின் மேட்டைத் தாழ்த்தினால் எதிர்வினையின் மேடும் தாழும். அப்படியென்றால் எதீனைச் சங்கிலியாக்கிய வழியிலேயே சங்கிலியை மீண்டும் எதீனாக்க முடியாதா?

இங்கே நீரோட்டம் குறுக்கிடுகிறது. கழிமுகத்தில் வற்றுநீர் வெளியே பாயும்போது உள்ளே தோணி விடுவது எவ்வளவு பாடு! பொலித்தீன் சங்கிலி உருவாகும்போது வெப்பம் வெளியேறுகிறது. சங்கிலியின் இருப்பு உறுதியானது. சாதாரண வெப்பநிலையில் ஓட்டம் கட்டும் பக்கமே. ஊக்கியால் வாயைத்தான் திறக்க முடியும், ஓட்டத்தைத் திருப்ப முடியாது. ஓட்டத்தை வெல்ல ஒன்றில் மிகுந்த வெப்பம் வேண்டும், அல்லது சங்கிலியோடு வினைபுரிந்து அதை இழுக்கும் ஒரு துணை வேண்டும்.

இந்தத் துணையைத் தேடுவதில் கடந்த சில ஆண்டுகள் வளமானவை. எக்ஸ்பிரஸ் பேர்ல் எரிவதற்கு ஏழு மாதங்கள் முன், 2020 ஒக்டோபரில், கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா பல்கலைக்கழகத்தில் சூசன்னா ஸ்கொட்டின் குழு ஒரு முடிவை வெளியிட்டது. அலுமினாவின் மேல் பிளாட்டினம் படிந்த ஊக்கியோடு பொலித்தீனை 280 பாகையில் வைத்தால், வெளியிலிருந்து ஐதரசன் சேர்க்காமலே சவர்க்காரப் பொருள்களுக்கு உதவும் சேர்மங்கள் கிடைக்கின்றன. எம்ஐடியின் யூரி ரொமான்-லெஷ்கோவ் குழு ருதேனியம் ஊக்கியையும் ஐதரசனையும் கொண்டு 200 பாகையளவில் சங்கிலியை எரிபொருள் தரும் சிறு மூலக்கூறுகளாக வெட்டியது. பேர்க்லியில் ஜோன் ஹார்ட்விக்கின் குழு எதீன் வாயுவையே துணைக்கு அழைத்தது. 2024இல் அவர்கள் காட்டிய வழியில் விலைமிக்க உலோகம் இல்லை. அலுமினாவில் சோடியம், சிலிக்காவில் தங்குதன் ஒட்சைட்டு, 320 பாகை வெப்பம். பொலித்தீனும் பொலிபுரொப்பிலீனும் மீண்டும் வாயுவாகின. கிடைத்த விளைச்சல் ஏறக்குறைய 90 வீதம். வாயுவைக் கொண்டு புதிய மணி செய்யலாம். மணியின் வாழ்க்கையில் முதல் தடவையாகத் திரும்பும் வழி ஒன்று தெரிந்தது.

ஐதரசனைத் துணைகொள்ளும் வழியில் அந்த ஐதரசன் எங்கிருந்து வருகிறது என்பதும் கேட்கவேண்டிய கேள்விதான். இன்று உலகின் ஐதரசன் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் வருகிறது, அதோடு காபனீரொட்சைட்டும் வெளியேறுகிறது. அழுக்கை அழுக்கால் கழுவுவதில் பயனில்லை. நீரை மின்சாரத்தால் பிரித்து ஐதரசன் எடுக்க வேறு ஊக்கிகள் உண்டு. அந்த மின்சாரம் காற்றிலோ வெயிலிலோ பிறந்தால் கணக்குச் சரியாகும். புத்தளம் கரையில் இந்த இரண்டு முகங்களும் அருகருகே நிற்கின்றன. நுரைச்சோலையில் கப்பலில் வந்த நிலக்கரியை எரிக்கும் 900 மெகாவாற்று அனல்மின் நிலையம். அதே குடாநாட்டில் மாம்புரியில் 2010இலிருந்து சுழலும் காற்றாலைகள். மணியைக் கரைக்குத் தள்ளிய சோழகம்தான் அந்தக் காற்றாலைகளையும் சுழற்றுகிறது. காற்றுக்கு நல்லதும் கெட்டதும் தெரியாது. எதைச் சுமக்கக் கொடுக்கிறோம் என்பது நம் கையில்.

புல்மோட்டை மணலும் கண்டி வெயிலும்

இந்தக் கதைக்கு நம் மண்ணிலும் ஒரு கிளை இருக்கிறது. கிழக்கே புல்மோட்டைக் கடற்கரையின் கறுப்பு மணலில் இல்மனைட் இருக்கிறது, டைட்டேனியத்தின் தாது. அதை அள்ளி வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கென்றே 1957இல் அரச கூட்டுத்தாபனம் அமைத்தோம். தாதாகப் போகிறது, பூச்சாகவும் பொருளாகவும் விலை உயர்ந்து திரும்பி வருகிறது.

சீக்லரின் கையில் எதீனைச் சங்கிலியாக்கிய டைட்டேனியமே, ஒட்சைட்டாக மாறும்போது வேறொரு குணம் கொள்கிறது. 1972இல் ஜப்பானின் அகிரா புஜிஷிமாவும் கெனிச்சி ஹொண்டாவும், டைட்டேனியம் ஈரொட்சைட்டு மின்வாயில் ஒளி பட்டால் நீர் ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிகிறது என்று காட்டினார்கள். வெயிலால் இயங்கும் ஊக்கி என்ற எண்ணம் உலகெங்கும் பரவியது. நீரைப் பிரிக்கும் அதே ஒளியூக்கி நீரில் கலந்த கரிம மாசையும் துண்டாடும் என்று பின்னர் தெரிந்தது.

கண்டி ஹந்தானையிலுள்ள அடிப்படை ஆய்வுகள் நிறுவகத்தில் கீர்த்தி தென்னகோனும் உடனாய்வாளர்களும் 1995இல் வெளியிட்ட ஆய்வு என்னை மிகவும் தொட்டது. டைட்டேனியம் ஈரொட்சைட்டுத் தூளை நீரில் கலந்தால் வேலை செய்யும், ஆனால் வேலை முடிந்தபின் தூளைப் பிரித்தெடுப்பது பெரும் தொல்லை. அவர்கள் அந்தத் தூளைத் தாங்கிப்பிடிக்கத் தேர்ந்தது பொலித்தீன் தாள். மலிவானது, எங்கும் கிடைப்பது. தாளில் ஊக்கியை ஒட்டவைத்து, நீரிலுள்ள கரிம மாசை ஒளியால் சிதைத்தார்கள். கரையில் மாசாகக் கிடக்கும் அதே பொருள், அறிந்தவர் கையில் மாசு நீக்கும் ஊக்கிக்குப் பாயாக விரிந்தது. பொருள் ஒன்றுதான். அது எங்கே, யார் கையில், எந்தக் கட்டுக்குள் இருக்கிறது என்பதே அதைக் கருவியாக்குகிறது அல்லது கேடாக்குகிறது.

அந்த ஒளியூக்கியைக் கரை மணிகள் மீது தூவிவிட்டால் போதும் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. டைட்டேனியம் ஈரொட்சைட்டுக்கு வேண்டியது புறஊதாக் கதிர். சூரிய ஒளியில் அது நூற்றுக்கு ஐந்தளவுதான். திண்மமான மணியை அது மேற்பரப்பிலிருந்து மெல்ல மெல்லத்தான் தின்னும். பாதியில் நின்றால் மிஞ்சுவது நுண்தூள். கரைந்த மாசுக்கு அது மருந்து. கரையில் கொட்டிய மணிக்கு அல்ல.

வாய் அடைபடும்போது

முகத்துவாரத்துக்கு ஒரு பகை உண்டு: மணல். அலை கொண்டுவந்து குவிக்கும் மணல் வாயை அடைத்துவிட்டால் களப்பில் மீன்வரத்து குன்றும், தோணி முடங்கும். ஊக்கிக்கும் அப்படியொரு பகை உண்டு. கந்தகம், குளோரின் போன்றவை ஊக்கியின் பரப்பில் ஒட்டிக்கொண்டு வாயை அடைக்கும். இதை ஊக்கிக்கு நஞ்சேறுதல் என்பார்கள். ஹார்ட்விக் குழுவின் பரிசோதனையிலும் பிவிசி போன்ற வேறு பிளாஸ்டிக் சிறிதளவு கலந்ததுமே விளைச்சல் வீழ்ந்தது.

இப்போது நம் மணியைப் பாருங்கள். கடலுப்பு படிந்திருக்கிறது. மணலும் பாசியும் ஒட்டியிருக்கின்றன. பக்கத்தில் தீயில் உருகிய கட்டி, வேறு கொள்கலன்களின் இரசாயனம், வேறு வகைப் பிளாஸ்டிக். ஆய்வுகூடத்தில் 90 வீதம் தந்த ஊக்கி இந்தக் கலவையைச் சந்தித்தால் நஞ்சேறிப் போகும். ஆகவே ஊக்கிக்கு முன்னே வேறொரு வேலை இருக்கிறது. எரிந்ததை எரியாததிலிருந்து பிரித்தல், வகை வகையாகத் தனித்து வைத்தல், நன்னீரில் கழுவுதல், உலர்த்தல். உப்பளத்திலும் கருவாட்டுப் பந்தியிலும் தரம் பிரித்துப் பழகிய கரை இது. அந்தக் கண்ணும் கையும் விஞ்ஞானத்துக்குத் தேவை. அதற்குக் கூலியும் பாதுகாப்பும் பயிற்சியும் கொடுப்பது அரசின் கடன்.

அதற்கும் முன்னே இன்னொரு வேலை: மணி சிந்தாமல் காப்பது. பிளாஸ்டிக் மணி அபாயகரமான சரக்கு என்ற கட்டாய வகைக்குள் வராமலே கடலைக் கடந்துவந்தது. சர்வதேச கடல்சார் அமைப்பு 2024இல் மணிகளை நல்ல பொதியில் கட்டவும், சரக்குப் பத்திரத்தில் தெளிவாகக் குறிக்கவும், கூடியவரை தளத்துக்குக் கீழே அடுக்கவும் பரிந்துரை செய்தது. பரிந்துரைதான், கட்டாயமில்லை. அடுத்த ஆண்டே, 2025 மே 25ஆம் திகதி, எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கியது. அதிலும் மணி. கேரளக் கரை, தமிழ்நாட்டின் தென்கரை, ஜூனில் மன்னாரும் யாழ்ப்பாணமும். மீண்டும் சோழகம், மீண்டும் சவ்வரிசி.

2025 ஜூலையில் இலங்கை உயர் நீதிமன்றம், எக்ஸ்பிரஸ் பேர்ல் அழிவுக்காக 100 கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்தும்படி கப்பல் தரப்புக்குக் கட்டளையிட்டது. அந்தப் பணம் வந்து சேரும் நாளில் அதில் ஒரு பங்காவது மணியைப் பிரித்துக் கழுவி வைக்கும் கூடங்களுக்கும், கண்டியிலும் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் ஊக்கி ஆய்வு செய்யும் இளையோருக்கும் போய்ச் சேரவேண்டும் என்பது என் மனமார்ந்த வேண்டுகோள். புல்மோட்டை மணலைத் தாதாகவே விற்றுக்கொண்டிருக்கும் நாடு, அந்த மணலிலிருந்து தன் நீரையும் கரையையும் காக்கும் ஊக்கியைத் தானே செய்யக் கற்றுக்கொள்ளட்டும்.

மணியின் பயணம் இன்னும் முடியவில்லை. அள்ளியதில் ஒரு பகுதி பமுணுகமவில் களஞ்சியத்துக்குப் போனது. அள்ளாதது மணலுக்கடியில் கிடக்கிறது. ஒவ்வொரு சோழகமும் அதைத் தோண்டி மேலே போடுகிறது. களஞ்சியத்து மணிக்கு முகத்துவாரம் திறந்திருக்கிறது. மணலுக்கடியில் கிடக்கும் மணிக்கு எந்த ஊக்கியும் வழிகாட்டாது. அதை யாராவது குனிந்து எடுக்க வேண்டும், தூளாவதற்கு முன்.